முதுகு வசனம்

டப்பிங் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போன் மேசைமேல் வந்து விழுந்தது. மைக் திறந்தே இருந்ததால் அந்தச் சத்தம் இந்தப் பக்கம் இருந்த மூன்று பேர் காதிலும் இடி மாதிரி இறங்கியது. சவுண்டு இன்ஜினியர் நாற்காலியோடு பின்னால் உருண்டார். சேனலிலிருந்து வந்திருந்த இளைஞன் தன் டீயில் பாதியைத் தன் சட்டைக்கே கொடுத்துவிட்டான். வசனம் எழுதும் பெரியவள் மட்டும் அசையவில்லை. ஹெட்போனைத் தூக்கிப் போட்டவள் அவளுடைய கூடப்பிறந்த தங்கை. தட்டு, டம்ளர், பென்சில் டப்பா எல்லாம் பறந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு ஒரு ஹெட்போன் பெரிய விஷயமா?

"இதுக்கு மேல அழுதா அந்தப் பொண்ணு பிளாட்பாரத்துல வழுக்கி விழுந்துடுவா," என்றாள் சின்னவள் மைக்கில். "ஏற்கெனவே மழை வேற."

"சூப்பரா இருக்குக்கா, இன்னும் ஒரே ஒரு டேக். இன்னும் கொஞ்சம் ஈரமா," என்றான் சேனல் இளைஞன், சட்டையைத் துடைத்துக்கொண்டே.

"உன் சட்டையைப் பிழிஞ்சு எடுத்துக்கோ."

ஸ்டுடியோவில் அவனுக்கு ரிமோட் என்று பெயர். அவனுக்கு மட்டும் அது தெரியாது. எந்தக் காட்சியைக் காட்டினாலும், "இந்த இடத்துல ஆடியன்ஸ் ரிமோட்டைக் கையில எடுத்துடுவான்" என்பான். நல்ல பிள்ளைதான். வேளாவேளைக்குப் பிஸ்கட் வாங்கித் தருவான், யார் மனசையும் நோகடிக்க மாட்டான். ஆனால் அவன் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்துவிட்டால் பெரியவளுடைய ஒரு வாரத்து உழைப்பு குப்பைக்குப் போகும்.

அவர்கள் தமிழாக்கிக்கொண்டிருந்தது ஒரு ஜப்பானிய அனிமேஷன் தொடர். மழை விடாத ஓர் ஊர். அங்கே ஒரு பெண். அவளுடைய அப்பா ஒரு நாள் காலை ரயிலேறிப் போகிறார். போனவர் போனவர்தான். அவசரத்தில் வாசலில் தன் சிவப்புக் குடையை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து அந்தப் பெண் எங்கே போனாலும் அந்தக் குடையைக் கையோடு எடுத்துப் போகிறாள். வானமே பிய்த்துக்கொண்டு கொட்டினாலும் அதை விரிப்பதில்லை. தொப்பலாக நனைந்துகொண்டு நடக்கிறாள். நடுவில் பேய்கள், பாலத்தடி பூதம், இன்ஜினியரே குரல் கொடுத்த பேசும் தவளை எல்லாம் உண்டு. ஆனால் மூன்று சீசனும் நகர்ந்தது அந்த மூடிய குடையைச் சுற்றித்தான். ஜப்பானில் வைத்த தலைப்பைத் தமிழில் சொன்னால் 'ஒரு தோள் மழை' என்று வரும். சேனல் வைத்த தலைப்பு 'குடை ராணி'. அவள் ராணியும் இல்லை, குடை பிடிப்பதும் இல்லை என்று பெரியவள் அப்போதே சொல்லிப் பார்த்தாள். தலைப்பு மேலே முடிவாகிவிட்டது என்றான் ரிமோட். அந்த 'மேலே' என்பது எத்தனையாவது மாடி என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

டப்பிங் வசனம் எழுதுவது கிட்டத்தட்டத் தையல் வேலை. படத்தில் இருப்பவர் வாய் எத்தனை தடவை திறந்து மூடுகிறதோ அத்தனை அசைக்குள் பேச்சை வெட்டி ஒட்ட வேண்டும். உதடு ஒட்டும் இடத்தில் 'ப'வோ 'ம'வோ விழ வேண்டும். ஒரு முகம் நேராகப் பார்த்துப் பேசினால் வசனம் எழுதுபவளுக்குக் கையும் காலும் கட்டியது மாதிரி. அதே முகம் திரும்பி, முதுகு மட்டும் தெரிந்தால் விடுதலை. வாய் தெரியவில்லை அல்லவா, என்ன வேண்டுமானாலும் போடலாம். இதற்குத் தொழிலில் முதுகு வசனம் என்று பெயர். கதையில் எங்கே ஓட்டை விழுந்தாலும் முதுகு வசனத்தால் அடைப்பார்கள். ஜப்பானியத் தொடரில் முதுகுகளுக்குப் பஞ்சமே கிடையாது. ஆட்கள் நின்று மழையைப் பார்ப்பார்கள், ரயிலைப் பார்ப்பார்கள், ஒன்றுமே பேசமாட்டார்கள். அந்த இடங்களைக் கண்டாலே ரிமோட் திரையில் விரலை வைத்துவிடுவான். "முதுகு தெரியுது பாருங்கக்கா. சும்மாவே இருக்கு. ஒரு வரி போடுங்க."

முதல் சீசனில் அப்படித்தான் அவள் அந்த வரியைப் போட்டாள். அந்தப் பெண் பிளாட்பார முனையில் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். கையில் மூடிய குடை. ரயில் போன தண்டவாளம். ஒரிஜினலில் மழைச் சத்தம் மட்டும்தான். ரிமோட் ஒரு வரி கேட்டான். டீ ஆறுவதற்குள் பெரியவள் எழுதித் தள்ளிவிட்டாள்: "நான் உங்களை மன்னிச்சுட்டேன்பா. வீட்டுக்கு வந்துடுங்க." தங்கை அதை ஒரே டேக்கில் பேசினாள். ஐந்து நிமிஷ வேலை. எபிசோடுகள் இரண்டு இரண்டாகத்தான் கைக்கு வரும். கதை எங்கே போய் முடியும் என்று வசனம் எழுதுபவளுக்கும் தெரியாது, குரல் கொடுப்பவளுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் பெரியவள் எழுதின கையை வெட்டிக்கொண்டிருப்பாள்.

அந்த வரி ஓடோ ஓடு என்று ஓடியது. ஆட்கள் போனில் அதை ஸ்டேட்டஸாக வைத்தார்கள். பள்ளிக்கூடத்துப் பெண்கள் மழையில் குடையை விரிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நடந்து ஜலதோஷம் வாங்கினார்கள். தாய்மார்கள் சேனலுக்கு போன் போட்டுத் திட்டினார்கள். சேனலுக்கு ஏக சந்தோஷம்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பிற்பகலில் ஸ்டுடியோ ரிசப்ஷனில் ஒரு வயதானவர் துணிப்பையோடு வந்து நின்றார். குடைக்காரப் பெண்ணுக்குக் குரல் கொடுப்பவரைப் பார்க்க வேண்டும் என்றார். ரசிகர் என்று நினைத்துச் சின்னவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்க அம்மா குரல் அப்படியே இருக்கும்மா," என்றார். "டிவில 'வீட்டுக்கு வந்துடுங்க'ன்னு கேட்டதுமே தெரிஞ்சுடுச்சு."

அவர்களுடைய அப்பா. லிப்ட் மெக்கானிக். பெரியவள் பள்ளியில் படித்தபோது, வெளியூரில் பெரிய கட்டடம் ஒன்றில் வேலை இருக்கிறது என்று டூல் பெட்டியோடு கிளம்பிப் போனவர். முதலில் போன் வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. அம்மா போய்ச் சேர்ந்தபோது அவருக்குச் சொல்ல ஒரு முகவரிகூட இல்லை. சின்னவளுக்கு அவர் முகமே அரைகுறை ஞாபகம். அதனால் அவளுக்குச் சுலபமாக இருந்தது, ஒரே வாரத்தில் "அப்பா, டீ போடட்டுமா" என்று ஆரம்பித்துவிட்டாள். பெரியவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அம்மா வாசல் பக்கம் காதை வைத்துக்கொண்டே சமைத்தது, லிப்ட் அவர்கள் மாடியில் நிற்கிற ஒவ்வொரு தடவையும் கரண்டி ஒரு நொடி நின்றது, எல்லாம். இந்த எட்டு மாதத்தில் அவரை அவள் ஒரு தடவைகூட அப்பா என்று கூப்பிடவில்லை. "இங்க பாருங்க" என்பாள், "சாப்பாடு மூடி வச்சிருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். அவரோ மன்னிக்கப்பட்ட மனிதராக, ஒரு சத்தமும் போடாமல், குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அந்த இரண்டு அறை வீட்டின் ஓரமாக இருந்தார். கோபப்பட்டாலாவது பதிலுக்குக் கோபப்படலாம். அவர் சண்டைக்கே வரமாட்டார். அது ஐந்து நிமிஷத்தில் எழுதிய முதுகு வசனம், யாரும் உங்களை மன்னிக்கவில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வரும். எதிரில் அவர் டம்ளரைக் கழுவிக்கொண்டிருப்பார்.

இப்போது கடைசி எபிசோடு, அதன் முடிவிலும் அதே வரி. சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும்.

"தம்பி, இதை ஒரு தடவை வசனம் இல்லாம பாரேன்," என்றாள் பெரியவள். "ஒரே தடவை. அப்புறம் பேசலாம்."

இன்ஜினியர் ஒன்றும் கேட்காமல் தமிழ்க் குரலை அணைத்துவிட்டு ஓட விட்டார். அவர் திரையைப் பார்க்கவே மாட்டார், மீட்டரில் ஏறி இறங்கும் முள்ளைத்தான் பார்ப்பார். ரயில் வந்து நிற்கிறது. நரைத்த தலையோடு அப்பா இறங்குகிறார். பெண் அவரைப் பார்க்கிறாள். எதுவும் கேட்கவில்லை. மூன்று சீசனாக விரிக்காத குடையை மெதுவாக விரிக்கிறாள். வெளியே வெளுத்துப்போன துணியின் மடிப்புக்குள் இருந்த சிவப்பு புத்தம் புதிதாக, ரத்தம் மாதிரி விரிகிறது. வரைந்தவர் யாரோ அதைக்கூட யோசித்திருந்தார். குடையைப் பாதி அவர் பக்கம் சாய்க்கிறாள். பாதிதான். இருவரும் நமக்கு முதுகைக் காட்டி நடக்கிறார்கள். அவருடைய ஒரு தோள் நனைகிறது. அவளுடைய ஒரு தோள் நனைகிறது. மழை. முக்கால் நிமிஷத்துக்கு மழை மட்டும்தான்.

ஓடி முடிந்தபோது இன்ஜினியர் முதல் தடவையாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான் ரிமோட் மெதுவாக. பெரியவள் மூச்சுவிட்டாள். "ஆனா டிவி ரிப்பேர்னு நினைச்சுடுவாங்கக்கா."

"தம்பி, அவ மூணு சீசனா குடையை ஏன் விரிக்கல?"

"அது ஒரு ஸ்டைல்."

"ஸ்டைல் இல்லப்பா. அவ மன்னிக்கல. அதான் விரிக்கல. இப்பவும் முழுசா மன்னிக்கல. அதான் பாதிக் குடை. கதையே இந்தப் பாதியிலதான் இருக்கு. தலைப்பே அதான். நாம முதல் சீசன்லயே மன்னிச்சுட்டேன்னு சொல்ல வச்சுட்டோம். அப்ப இத்தனை நாள் எதுக்கு நனைஞ்சா? பைத்தியமா அவ?"

"யாருக்கா அதெல்லாம் கேக்கப் போறாங்க?"

"நான் கேக்கறேன்."

"அந்த வரியை எழுதினவங்களே நீங்கதானேக்கா." அவன் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் அவளை இன்னும் எரியவைத்தது. "எனக்கும் இது பிடிச்சிருக்கு. சத்தியமா. ஆனா மேல அந்த ஹிட் வரிதான் கேக்கறாங்க. விளம்பரத்துலயே அதைப் போட்டாச்சு. குடையை விரிக்கறா, 'மன்னிச்சுட்டேன்பா'ன்னு சொல்றா, ஊரே அழும். அதைக் கொடுக்காம மழையைக் கொடுத்தா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

பெரியவள் எழுந்து வெளியே போனாள். காரிடாரில் தண்ணீர் மெஷின் பக்கத்தில் நின்று ஒரு டம்ளர் தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள். பின்னாலேயே சின்னவள் வந்தாள், தொண்டைக்குச் சுற்றிய துண்டோடு.

"எதுக்கு இவ்வளவு மல்லுக்கு நிக்கற? கார்ட்டூன்தானே."

"கார்ட்டூன்னு சொல்லாதே."

"சரி, காவியம். போதுமா? நாலு வார்த்தை. சொல்லிட்டு வீட்டுக்குப் போலாம்."

"நீ சொல்லிடுவ. அடுத்த வாரம் அவர் டிவி முன்னாடி உக்காந்து மறுபடியும் கேப்பாரு. உன் குரல்ல, அம்மா குரல்ல. அப்புறம் நான் எப்படிடி..."

சின்னவள் அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கித் தானே குடித்தாள். "ஓ. அப்ப இது குடைக்காரிக்காக இல்ல."

"ரெண்டுக்கும்தான்."

"அக்கா, நான் ஒண்ணு கேக்கறேன், கடிக்காதே. அன்னிக்கு அவன் ஏதோ ஒரு வரி கேட்டான். 'மழை எப்ப விடும்'னு எழுதியிருக்கலாம். 'பசிக்குது'ன்னு எழுதியிருக்கலாம். ஏன் அதை எழுதின?"

"கைக்கு வந்தது."

"கைக்கு வந்ததா?"

"ஆமாடி. டீ ஆறிட்டு இருந்துச்சு. கைக்கு வந்ததை எழுதினேன்."

சின்னவள் ஒன்றும் சொல்லாமல் துண்டை இறுக்கிக்கொண்டாள். அந்தப் பேசாமை பெரியவளுக்குப் பொறுக்கவில்லை. படத்தில் வரும் பேசாமைக்காக ஒரு மணி நேரம் சண்டை போட்டவளுக்கு, தங்கையின் பேசாமையை நான்கு நொடி தாங்க முடியவில்லை.

"அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல," என்றாள் தேவையில்லாமல்.

"நான்தான் ஒண்ணும் கேக்கலையே," என்றாள் சின்னவள்.

திரும்பி உள்ளே போனபோது ரிமோட் போனில் யாரிடமோ "ஓகே சார், ஓகே சார்" என்று சுவருக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தான். பெரியவள் கடைசியாக ஒரு வழி பார்த்தாள். மன்னிப்பு வேண்டாம், வேறு ஒரு வரி போடுகிறேன் என்றாள். 'நனையாதீங்க' என்று ஒரே ஒரு வார்த்தை. ரிமோட் அதைப் போனில் சொன்னான். போனில் இருந்தவர் சிரித்தது அறை முழுக்கக் கேட்டது. குடைக் கம்பெனி விளம்பரமா என்று கேட்டாராம்.

அவ்வளவுதான். சின்னவள் கண்ணாடிக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. குடை விரிந்தது. இரண்டு முதுகுகள் நடந்தன. "நான் உங்களை மன்னிச்சுட்டேன்பா," என்றது முதுகு. அழவே இல்லை. கடையில் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்பது மாதிரி, சாதாரணமாகச் சொன்னாள். அதனாலேயே அது எல்லாவற்றையும்விட மோசமாக, நிஜம் மாதிரி இருந்தது. ரிமோட் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "லெவல் ஓகே," என்றார் இன்ஜினியர், மீட்டரைப் பார்த்தபடி. பெரியவள் பையை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள். தங்கைக்காகக்கூட நிற்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும் வழியெல்லாம் அவள் மனதுக்குள் வசனம் எழுதிக்கொண்டே வந்தாள். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானம். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. மற்றவர்கள் வாய்க்கு அளவெடுத்து வரி தைத்துக் கொடுக்கிறவளுக்குத் தன் வாய்க்கு ஒரு வரி அமையவில்லை. 'உங்ககிட்ட ஒரு விஷயம்' என்று ஆரம்பித்தால் சினிமா மாதிரி இருந்தது. 'அம்மா சாகும்போது' என்று ஆரம்பித்தால் முடிக்க முடியாது. பக்கத்து சீட்டுப் பெண் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தால் சிவப்புக் குடை. பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கட்டடத்து லிப்ட் வேலை செய்யவில்லை. வாசலில் நின்ற வாட்ச்மேன், "உங்க வீட்டுப் பெரியவர்தான் மேல பாத்துட்டு இருக்காரு," என்றார், பாராட்டா புகாரா என்று புரியாத குரலில். யாரும் கேட்காமலே இவர் லிப்டில் கை வைக்கிறார் என்று கட்டடத்து சங்கத்துக்காரர்கள் ஏற்கெனவே ஒரு முறை வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அதற்கும் அவர் தலையைக் குனிந்து நின்றாரே தவிர, பதில் பேசவில்லை. ஆனால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கையை நிறுத்தி, சுவருக்கு அந்தப் பக்கம் ஏறும் லிப்டைக் காது கொடுத்துக் கேட்பார். "கதவு சரியா சேரல," என்று யாருக்கோ சொல்வார். அந்தச் சத்தத்துக்காக அம்மா காத்திருந்த அதே சுவர். பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூச்சு வாங்கப் படி ஏறினாள். ஏற ஏறக் கோபமும் ஏறியது. அவர்கள் மாடியில் லிப்ட் கதவுக்குப் பக்கத்தில் பழைய டூல் பெட்டி திறந்திருந்தது. ஸ்விட்ச் தகட்டைக் கழற்றிக் கீழே வைத்திருந்தார். குந்தி உட்கார்ந்து, வாயில் ஒரு ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டு, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு அவள் பக்கம். சட்டையில் ஒரு தோள் முழுக்கக் கருப்பாக எண்ணெய்க் கறை. இன்னொரு தோள் வெள்ளையாக இருந்தது.

அவள் கடைசிப் படியில் நின்றாள். முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். முதுகாக இருந்ததால் சொல்ல முடிந்தது.

"இங்க பாருங்க. திரும்ப வேண்டாம். அப்படியே கேளுங்க."

டார்ச் வெளிச்சம் அசையாமல் நின்றது.

"அடுத்த வாரம் குடைக்காரி முடியுது. கடைசில அவ மறுபடியும் மன்னிச்சுட்டேன்னு சொல்லுவா. அது அவ சொல்றது இல்ல. ஒரிஜினல்ல அப்படி ஒண்ணும் கிடையாது. முதல் தடவையும் கிடையாது. சும்மா இருந்த இடத்தை அடைக்கச் சொன்னாங்க, நான் அடைச்சேன். அவ யாரையும் மன்னிக்கல. வீட்டுக்கு வாங்கன்னு யாரையும் கூப்பிடல. நீங்கதான் தப்பா நினைச்சுக்கிட்டு..."

இவ்வளவு நாள் சேர்த்து வைத்ததெல்லாம் இந்த நாலு வரியில் தீர்ந்துபோனதில் அவளுக்கே எரிச்சலாக இருந்தது. இன்னும் நிறைய இருந்திருக்க வேண்டும்.

முதுகு அப்படியே இருந்தது. எந்த வசனமும் பொருந்தக்கூடிய முதுகு. மன்னிச்சுடும்மா என்று அது சொல்லும் என்று எதிர்பார்த்தாள். நாளைக்கே போயிடறேன் என்று சொல்லும் என்று பயந்தாள். அவளாக இருந்தால் இரண்டில் ஒன்றைத்தான் எழுதியிருப்பாள்.

அவர் வாயிலிருந்த ஸ்க்ரூவை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். திரும்பவில்லை.

"நான் முன்னாடி இருந்த ரூம்ல கூட ஒருத்தன், போன்ல ஜப்பான் பாஷையிலயே அதைப் பாப்பான். அந்த இடத்தை அவன்கிட்ட கேட்டுப் போட்டுப் பாத்தேன்மா, வெறும் மழைச் சத்தம்தான், அவ ஒண்ணுமே சொல்லல," என்றார். "தெரிஞ்சுதான் வந்தேன்."